கலமும் பெயரும்: சௌரா தீவின் மகளிரும் ஜப்பானியக் குயவர் ஹமாடாவும்

ஒரு மட்கலத்தை ஆக்கியவர் தம் பெயரை அதன்மீது பொறிக்க வேண்டுமா, வேண்டாமா? மேலெழுந்தவாறு நோக்குவார்க்கு இது கைவினைஞர் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளத்தக்க சிறு வினாவாகத் தோன்றும். ஆயினும் இவ்வினாவைச் சிறிது தூரம் தொடர்ந்து செல்வோமாயின், 'நான்', 'எனது' என்னும் பற்றினைத் தானே விடுதல் யாது, பிறரால் பெயரிழக்கச் செய்யப்படுதல் யாது என்னும் பெரிய ஆராய்ச்சியில் அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். தம்மத்தைக் கற்க முற்பட்ட நமக்கு இவ்விரண்டையும் வேறு பிரித்தறிதல் இன்றியமையாதது.

ஆதலின் இப்பாடத்தில் இருவகைக் கலங்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, வங்கக் கடலுக்கு அப்பால் நிக்கோபார் தீவுக் கூட்டத்தில் உள்ள சௌரா என்னும் சிறு தீவில் பெண்கள் கையால் வனைவது. மற்றொன்று, 20ஆம் நூற்றாண்டின் ஜப்பானில் புதுமை கண்ட குயவரென உலகம் போற்றிய ஷோஜி ஹமாடா வனைந்தது. இருவகைக் கலத்தின் மீதும் ஆக்கியவர் பெயர் எழுத்தில் இல்லை. ஆனால் இவ்விரு பெயரின்மையும் ஒன்றல்ல. அவற்றிடையே உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. நக்கவாரத்துச் சௌரா

நிக்கோபார் தமிழர்க்குப் புதிய நிலமன்று. முதலாம் இராசேந்திர சோழன் கடாரங்கொண்ட செய்தியைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டு, அவன் கொண்ட இடங்களுள் 'மாநக்கவாரம்' என இத்தீவுகளைக் குறிக்கின்றது. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் மரக்கலம் உடைந்து நாகர் வாழும் மலைத்தீவில் ஒதுங்கிய வரலாற்றை நம் அன்பர் அனைவரும் அறிவர். அத்தீவு நிக்கோபாரே எனக் கருதுவாரும் உளர். அது முடிந்த முடிபன்று. சாதுவன் அந்நாகர்க்கு அவர் மொழியிலேயே அறங்கூறினான். நாம் இன்று அத்திசை நோக்குவது அறங்கூறுதற்கன்று. அங்குள்ளாரிடம் ஒன்று கற்றுக்கொள்வதற்கேயாம்.

வடக்கே கார் நிக்கோபாருக்கும் தெற்கே நன்கௌரித் தீவுகளுக்கும் இடையே சௌரா அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 8 சதுரக் கிலோமீட்டரே. 2011ஆம் ஆண்டின் மக்கட்கணக்கின்படி அங்கு வாழ்வோர் சுமார் 1,300 பேர். பழங்குடி மக்களைக் காக்கும் பொருட்டு 1956இல் இயற்றப்பட்ட ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, உரிய அனுமதியின்றி வெளியார் எவரும் அத்தீவில் கால்வைத்தல் இயலாது. எனவே சௌராவின் கலத்தைப் பற்றி வெளியுலகம் அறிந்ததிற் பெரும்பகுதி எழுத்து வழியே வந்தது. அவ்வெழுத்துகளுள் முதன்மையானது, இத்தீவுகளில் ஆங்கில ஆட்சியின் அலுவலராக நெடுங்காலம் இருந்த எட்வர்டு ஹோரஸ் மேன் என்பார் 1894இல் வெளியிட்ட ஆய்வுரையாகும்.

அவர் தரும் செய்திகளுள் மூன்று நம் கருத்திற் பதியத்தக்கவை. முதலாவது, நிக்கோபார் தீவுகள் பலவற்றுள்ளும் மட்கலம் வனையும் உரிமை சௌரா ஒன்றற்கே உண்டு. தீவினர் வழங்கும் பழங்கதையின்படி, கண்ணுக்குப் புலனாகாத பேராற்றல் ஒன்று இவ்விதியை வகுத்தது. இதனை மீறுவோர்க்கு நிலநடுக்கமோ திடீர்ச் சாவோ நேரும் என்பது அவர்தம் நம்பிக்கை. இரண்டாவது, மண் பிசைவது முதல் சுட்டெடுப்பது வரை இத்தொழில் முழுவதும் பெண்களுக்கே உரியது. மூன்றாவது, கலம் வனையும் உரிமை சௌராவுக்கு உண்டேயன்றி, அதற்கேற்ற களிமண் அத்தீவில் இல்லை. தெற்கேயுள்ள தெரெசா தீவிலிருந்து தோணியிற் கொணர்தல் வேண்டும். மண் ஓரிடத்தில், கை வேறிடத்தில், கலம் வேண்டுவோர் மற்றும் பல இடங்களில். இவ்வேற்பாட்டினால் தீவுகள் ஒன்றையொன்று நாடி வாழும் நிலை உண்டாயிற்று. கார் நிக்கோபார் மக்கள் திறந்த கடலில் தோணி செலுத்திச் சௌராவுக்கு வந்து கலமும் தோணியும் பெற்றுச் செல்வதைப் பெருஞ்சிறப்புடைய பயணமாகக் கொண்டனர். சௌரா மக்களிடம் பிறர்க்கு மதிப்பும் இருந்தது; மந்திர ஆற்றல் மிக்கோர் என்னும் அச்சமும் இருந்தது.

இங்கு ஒன்றைக் குறித்தல் வேண்டும். ஒரு தொழிலை ஒரு மக்கட்கூட்டத்தாரே செய்தல் வேண்டும் என்னும் விதி நம் நாட்டிலும் உண்டு. ஆனால் நம் நாட்டில் அவ்விதி செய்வோனைத் தாழ்த்தியது. சௌராவில் அதே விதி செய்வோரை உயர்த்தியது. நிக்கோபார் மக்களிடையே சாதிப் பிரிவு இல்லாமையே இதற்குக் காரணம். இழிவு மண்ணில் இல்லை, கையிலும் இல்லை. நோக்குவார் கண்ணில் ஏற்றிவைக்கப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2. கலம் உருவாகும் முறை

சௌரா மகளிர் திகிரியைப் பயன்படுத்துவதில்லை. அவர்கள் செய்முறையை மேன் விரிவாக எழுதிவைத்துள்ளார். அதனை நம் மொழியில் வரிசைப்படுத்திக் காண்போம்.

கொணர்ந்த களிமண்ணிலிருந்து கல்லும் பரலும் நீக்கப்படும். பின்னர் நுண்மணல் சேர்த்துப் பதம் வருமளவும் பிசையப்படும். வனைபவள் தரையில் அமர்ந்து, தன்முன் ஒரு பலகையை இட்டு, அதன்மேல் தென்னங்கீற்றால் இறுகக் கட்டிய வளையம் ஒன்றை வைப்பாள். அவ்வளையத்தின் மேல் ஒரு தட்டு. மண் ஒட்டாதபடி அத்தட்டில் வாழையிலைத் துண்டு விரிக்கப்படும். மண்ணுருண்டை ஒன்றைத் தட்டில் அழுத்திக் கலத்தின் அடியை அமைப்பாள். பின்பு மண்ணைத் திரிகளாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி அடுக்கிச் சுவரை எழுப்புவாள். வளையத்தின் மேல் தட்டைக் கையால் மெல்ல மெல்லத் திருப்பிக்கொள்வாள். அளவுகோல் இல்லை, அச்சு இல்லை. கண்ணும் கையுமே வட்டத்தைத் தீர்மானிக்கும்.

இவ்வாறு எழுந்த பச்சைக்கலம் குடிசையின் கீழுள்ள பரணில் ஒரு நாள் முதல் மூன்று நான்கு நாள் வரை உலரும். உலர்ந்தபின் அதனைக் கவிழ்த்து, சிப்பியோட்டை நீரில் நனைத்து உள்ளும் புறமும் சுரண்டி மிகுமண்ணை நீக்குவாள். பின்பு ஈரவிரலால் முழுவதும் தடவி மேடுபள்ளம் தேர்வாள்.

சுடுவதற்குச் சூளையறை கட்டுவதில்லை. முன்னர் உடைந்த கலத்தின் ஓடுகளை நிலத்தில் இடைவிட்டு நட்டு, அவையே தாங்கியாக அமைய, இடையில் நுண்சாம்பலும் தேங்காய்ச் சிரட்டையும் விறகுத்துண்டும் பரப்பி, அவ்வோடுகளின் மேல் கலத்தைக் கவிழ்ப்பர். சுற்றிலும் விறகைச் சாத்தித் தீ மூட்டுவர். இரு கையிலும் கோலேந்திய பெண்கள் இருவர் மூவர் சுற்றி நின்று, தீ ஒருபால் மிகாதும் ஒருபால் குறையாதும் காப்பர். பழைய கலம் உடைந்தும் புதிய கலத்தைத் தாங்கி நிற்கும் இக்காட்சியை உபாசகர்கள் சற்றே மனத்திற் கொள்வார்களாக.

சுட்டு முடிந்ததும் கோலால் எடுத்து மணற்படுக்கையில் வைப்பர். கலம் கனன்றுகொண்டிருக்கும்போதே, முற்றாத தேங்காயின் ஈரமட்டையைக் கீற்றுகளாகக் கிழித்து அதன்மீது அழுத்துவர். மட்டையின் புளிப்புச் சாறு பட்ட இடத்தில் கருங்கோடு விழும். எஞ்சிய பரப்பைக் கைநிறைய ஈரமட்டை கொண்டு தேய்க்க, அது செம்பின் நிறம் பெறும். அவ்வளவே அதன் அணி. வண்ணமும் மெருகும் கடையிலிருந்து வந்தவையல்ல. தீயின் சூடு ஆறுவதற்குள், சமையலுக்கு உதவும் அதே தேங்காயிலிருந்து பெறப்பட்டவை. தாழம்பழமும் இறைச்சியும் வேகவைக்கும் இக்கலங்கள் சிறியவும் பெரியவுமாகப் பல அளவின.

இக்கலம் வனைந்தவள் யார்? நூல்கள் பெரும்பாலும் 'சௌராப் பெண்கள்' என்றே கூறும்.

3. ஹமாடாவின் வாழ்க்கையும் தொழிலும்

இனி ஜப்பானுக்குச் செல்வோம். ஷோஜி ஹமாடா 1894இல் தோக்கியோவை அடுத்த கவாசாக்கியிற் பிறந்தார். தோக்கியோ உயர்தொழிற் பள்ளியில் மட்பாண்டத் தொழில் பயின்று 1916இல் வெளிவந்தார். பின்னர் கியோத்தோ நகரின் மட்பாண்ட ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, தம் நண்பர் கவாய் கஞ்சிரோவுடன் ஆயிரக்கணக்கான மெருகுக் கலவைகளைச் சோதித்தார். கலத்தின் மேல் கண்ணாடி போற் படியும் மெருகு எத்தாதுவால் எவ்வண்ணம் பெறும், எவ்வெப்பத்தில் உருகும் என்னும் விஞ்ஞானத்தில் அவர் கரைகண்டார்.

1920இல் ஆங்கில நண்பர் பெர்னார்ட் லீச்சுடன் இங்கிலாந்து சென்று, கார்ன்வால் பகுதியின் கடற்கரை ஊராகிய செயின்ட் ஐவ்ஸில் தொழிற்கூடம் நிறுவத் துணைபுரிந்தார். சரிவில் படிப்படியாக ஏறும் ஜப்பானிய முறைச் சூளையை அங்கு இருவரும் கட்டினர். 1923இல் இலண்டனில் நடந்த அவருடைய கலக் காட்சி நற்பெயர் பெற்றது. மேலை நாட்டிலேயே தங்கிப் புகழீட்டுதல் அவர்க்கு எளிதாயிருந்தது. ஆயினும் தாயகம் திரும்பினார். திரும்பியபின் பெருநகரில் தொழிற்கூடம் அமைக்கவும் இல்லை.

அவர் தேர்ந்துகொண்டது மாஷிகோ என்னும் ஊர். தோக்கியோவின் அடுக்களைகளுக்குத் தண்ணீர்ச் சாடியும் அரைகலமும் தேநீர்க் கெண்டியும் செய்தனுப்பிய ஊர் அது. கலையூர் என எவரும் அதனைக் கருதியதில்லை. அதன் மண் சொரசொரப்பானது. நுண்ணிய வேலைக்கு ஏற்றதன்று. 1924 முதல் அவ்வூருடன் தொடர்பு கொண்டு, 1930இல் நிலமும் வீடும் அமைத்து நிலையாக அமர்ந்தார். குளிர்காலங்களில் ஒகினாவாத் தீவின் சுபோயாக் குயவரிடையே சென்று தங்கித் தொழில் செய்ததும் உண்டு. அங்கே கண்ட கரும்பின் தோற்றத்தைத் தழுவிய எளிய கோலம் ஒன்றைப் பல்லாண்டு மீண்டும் மீண்டும் தம் கலங்களில் வரைந்தார்.

ஆயிரம் மெருகு அறிந்தவர் மாஷிகோவில் கையாண்டவை ஒருசிலவே. உள்ளூர்க் கல்லைப் பொடித்துப் பெற்ற செம்பழுப்பு மெருகு, விறகுச் சாம்பல், நெல் உமியின் சாம்பல் என்பவை அவற்றுள் முதன்மையானவை. கோலால் சுழற்றும் கைத்திகிரியே அவர் கருவி. பெரிய தட்டுகளின் மேல் அகப்பையால் மெருகை வீசி ஊற்றிக் கோலமிடுவார். அவ்வேலை சில நொடிகளில் முடிந்துவிடும். இத்துணைச் சிறுபொழுதில் ஆன வேலைக்கு இத்துணை மதிப்பா எனக் கேட்டார்க்கு, அச்சில நொடியுடன் தாம் உழைத்த அறுபது ஆண்டையும் கூட்டிக்கொள்ளுமாறு அவர் விடைகூறியதாகச் சொல்வர்.

அவ்வாறாயின் அவருடைய புதுமை யாது? எவரும் காணாத வடிவத்தைக் கண்டதன்று. கற்றறிந்த நகரத்துக் கலைஞர் ஒருவர் சிற்றூர்க் குயவரின் மண்ணையும் மெருகையும் வேலை ஒழுங்கையும் தமக்கு ஆசிரியராக ஏற்றுக்கொண்டார். அதுவே அக்காலத்தில் பெரும் புதுமையாயிற்று. பல நாட்டுப் பழங்கலங்களை அவர் திரட்டினார். தம்மைத் தோற்கடித்த கலங்களையே வாங்குவதாகக் கூறுவார். அத்திரட்டு 1977இல் மாஷிகோவில் பொதுமக்கட்குத் திறக்கப்பட்டது. 1955இல் ஜப்பானிய அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என வழங்கப்பெறும் சிறப்பினராக அறிவித்தது. 1968இல் பண்பாட்டு விருது பெற்றார். 1978 ஜனவரியில் மறைந்தார்.

அவர் வழி தமிழ் நிலத்தையும் தொட்டது. ஹமாடாவைப் பற்றி நூலெழுத மாஷிகோ சென்ற சூசன் பீட்டர்சன் என்னும் அமெரிக்க அம்மையார்க்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் டெபோரா ஸ்மித். ஜப்பானின் பிசென் ஊரிலும் தொழில் பயின்ற அவர், ரே மீக்கர் என்பாருடன் 1971இல் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ்' மட்பாண்டக் கூடத்தை நிறுவினார். மிகுவெப்பத்திற் சுட்டு மெருகேற்றிய மட்கலத் தொழில் இன்று புதுச்சேரிப் பக்கத்தில் வேரூன்றியிருப்பதற்கு அக்கூடமே முதற்காரணம்.

4. பெயர் எழுதாமை

ஹமாடா இங்கிலாந்திலிருந்து திரும்பியபின் தம் கலங்களில் முத்திரையிடுவதை விட்டார். இதற்குக் காரணம் வினவியபோது, முத்திரை இல்லாவிடில் தம் தீய கலங்களைப் பிறர் செய்தனவென்றும், பிறர் செய்த நல்ல கலங்களைத் தாம் செய்தனவென்றும் உலகம் கொள்ளும் என அவர் நகையுடன் கூறியதாகச் சொல்வர்.

இவ்வொழுக்கத்தின் பின்னணியில் யானகி சோயெட்சு என்னும் அறிஞரின் சிந்தனை உண்டு. 1889இற் பிறந்து 1961இல் மறைந்த அவர், ஹமாடா, கவாய் ஆகியோருடன் கூடி 1925இல் 'மக்கட்கலை' என்னும் பொருளுடைய 'மிங்கெய்' என்ற சொல்லை ஆக்கினார். 1936இல் தோக்கியோவில் மக்கட்கலைக் காட்சியகம் நிறுவினார். அவர் கொள்கையின் வேர் பௌத்தத்தில் உள்ளது. அமிதாப புத்தரின் நாற்பத்தெட்டு உறுதிமொழிகளுள் நான்காவது, அவர்தம் நாட்டில் வாழ்வோரிடையே அழகர், அழகிலர் என்னும் வேற்றுமை இராது என்பது. இதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு 1948இல் யானகி ஒரு நூல் இயற்றினார். அழகு, அழகின்மை எனப் பிரிக்கும் மனமே தளை. பெயர் நாடாது, புகழ் கருதாது, நாள்தோறும் நூற்றுக்கணக்கில் ஒரே கலத்தைச் செய்யும் ஏழைக் குயவன் கையில் அத்தளை தானே அறுகிறது என்பது அவர் கொள்கையின் சாரம்.

அவர் எடுத்துக்காட்டும் கலங்களுள் சிறந்தது 'கிசாயெமோன்' என்னும் தேநீர்க் கிண்ணம். கொரியாவில் 16ஆம் நூற்றாண்டளவில் பெயரறியாக் குயவர் செய்த எளிய கிண்ணம் அது. ஏழையர் சோறுண்ட கிண்ணமே எனக் கொண்டார் யானகி. கடல் கடந்து ஜப்பானுக்கு வந்து, தேநீர் வழிபாட்டினரின் கையில் விலைமதிப்பற்றதாகி, கியோத்தோவின் தைத்தோகுஜி மடத்தைச் சார்ந்த கோஹோஅன் கோயிலில் தங்கி, தேசியச் செல்வமாக அறிவிக்கப்பெற்றது. மாஷிகோவிலும் அத்தகைய கை ஒன்று இருந்தது. மினகவா மாசு என்னும் அம்மையார் சிறுமியாயிருந்த நாள் முதல் முதுமை வரை தேநீர்க் கெண்டிகளில் மலையும் நீரும் வரைந்தார்; ஒரு நாளைக்கு 500க்குக் குறையாமல் வரைந்தார் என்பர். 1874இற் பிறந்து 1960இல் மறைந்த அவர் பெயரை நாம் இன்று அறிவது, யானகியும் ஹமாடாவும் அவர் கையை அடையாளம் கண்டமையால்தான்.

5. துறந்த பெயரும் மறுத்த பெயரும்

இவ்விடத்தில் நாம் நின்று ஆராய வேண்டும். யானகியின் கொள்கை இனியது; அனான்மத்தை அடுக்களைக் கலத்திற் காட்டுவது. ஆனால் அதனை அப்படியே ஏற்பதற்குமுன் மூன்று செய்திகளைத் தராசில் இடுவோம்.

முதலாவது, ஹமாடாவின் கலத்தில் பெயர் இல்லை. ஆனால் அக்கலத்தை வைத்து விற்கும் மரப்பெட்டியில் அவர் கையொப்பம் இருந்தது. ஜப்பானிய வழக்கம் அது, அவர்பால் குற்றமன்று. எனினும் கலத்தின் விலை பெட்டியைப் பற்றியே நின்றது. பெயரை விட்டவர்க்குப் பெயர் குறையவில்லை.

இரண்டாவது, 'கிசாயெமோன்' என்பது கிண்ணத்தைச் செய்த கொரியக் குயவன் பெயரன்று. அதனை உடைமையாகக் கொண்டிருந்த ஒசாக்கா வணிகன் பெயர். செய்தவன் மறைந்தான், வாங்கியவன் நின்றான்.

மூன்றாவது, நம் நாட்டுச் செய்தி. கீழடியிலும் கொடுமணலிலும் அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. 'ஆதன்' என்னும் பெயரைக் கீழடி ஓட்டிற் கண்டு நாம் மகிழ்கிறோம். அப்பெயர்கள் பெரும்பாலும் கலத்தை உடையவர்களின் பெயர்களே என அறிஞர் கருதுவர். ஈராயிரம் ஆண்டு மண்ணுள் கிடந்தும் அழியாத ஓட்டினைச் சுட்டளித்த கை யாருடையது என்பது அவ்வோட்டில் இல்லை.

ஆகவே பெயரின்மை இருவகைப்படும். பெயர் பெற்ற ஒருவர், அது நிலையற்றது எனக் கண்டு தாமே அதனைக் கீழே வைப்பது ஒருவகை. அது துறவு. பெயர் உண்டா எனக் கேட்கப்படாமலே ஒருவர் உழைப்பு மட்டும் எடுத்துக்கொள்ளப்படுவது மற்றொரு வகை. அது பறிப்பு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இரண்டு கலத்திலும் பெயர் இராது. முன்னதைப் போற்றும் சொற்களைப் பின்னதன்மேற் போர்த்திவிடுதல் பெரும்பிழை. ஏரியை வெட்டியவர், மதிலை எழுப்பியவர், தோலைப் பதப்படுத்தியவர், பறையை முழக்கியவர் என நம்மிற் பலருடைய முன்னோர் இப்பின்னை வகையினர். 'அகந்தையற்ற எளிய உழைப்பாளிகள்' என அவர்களைப் பாராட்டி அமைதல் எளிது. ஆனால் பறிக்கப்பட்டவனிடம் சென்று பற்றறுத்தலின் பெருமையைப் பேசுவது தம்மமாகாது. கையில் உள்ளதையே ஒருவன் துறக்க முடியும். பெயர் முதலில் அவன் கைக்கு வரட்டும். பின்பு விடுவதும் வைத்துக்கொள்வதும் அவன் உரிமை.

சௌராவின் கலம் இவ்விரண்டு வகைக்கும் சற்றே வேறாய் நிற்பது. தம் கடலுக்குள் சௌரா மகளிர் பெயரற்றவர் அல்லர். கலம் 'சௌராக் கலம்' என்றே பிற தீவுகளில் மதிக்கப்பட்டது; தீவின் பெயரே அனைவர்க்கும் பொதுப்பெயராயிற்று. அவர்கள் பெயரிழந்தது அவர்தம் தீவில் அன்று. நூலிலும் காட்சியகத்திலும் ஆகும். அயல்நாட்டுக் காட்சியகங்களில் நிக்கோபார்ப் பொருள்கள் பலவற்றின் அருகே, கொணர்ந்தளித்த அலுவலர் பெயரைக் காணலாம். வனைந்த பெண்ணின் பெயர் அரிது. கிசாயெமோன் கிண்ணத்துக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது.

6. கடீகாரர்

தம்ம நூல் இதில் எப்பக்கம் நிற்கின்றது? மஜ்ஜிம நிகாயத்தின் 81ஆம் சூத்திரம் ஒரு குயவரின் பெயராலேயே அமைந்துள்ளது. கஸ்ஸப புத்தரின் காலத்தில் கடீகாரர் என்னும் குயவர் வாழ்ந்தார். கண்ணிழந்த முதிய பெற்றோரைத் தாமே பேணினார். உயிர்க்கு ஊறு நேராதபடி நிலத்தைத் தோண்டாமல், இடிந்து வீழ்ந்த கரைமண்ணையும் எலி பறித்த மண்ணையும் எடுத்துக் கலம் வனைந்தார். அக்கலங்களை வைத்து, வேண்டுவோர் அரிசியோ பயறோ இட்டு விரும்பியதை எடுத்துச் செல்லலாம் என விட்டார். அவருடைய நண்பர் ஜோதிபாலர் என்னும் பிராமண இளைஞர். புத்தரைக் காண வருமாறு பலமுறை அழைத்தும் மறுத்த அவருடைய, அப்போதுதான் நீராடிய தலைமயிரையே பற்றி இழுத்து அழைத்தார் அக்குயவர். குலத்தால் தாழ்ந்தவரெனப்படுவார் தம் தலைமயிரைத் தொடத் துணிந்தது பெரியதொரு காரணத்தால்தான் ஆகவேண்டும் என உணர்ந்து ஜோதிபாலர் உடன் சென்றார். அந்த ஜோதிபாலரே பிற்பிறவியில் நம் பகவர் ஆனார்.

காசியரசன் கிகி மழைக்காலத்துக்குத் தன்னிடம் தங்குமாறு கஸ்ஸபரை வேண்டியபோது, அவர் அதனை ஏலாமல், கடீகாரரின் பண்புகளை அரசன் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். அரசன் அனுப்பிய அரிசி வண்டிகளையோ கடீகாரர் பணிவுடன் மறுத்துவிட்டார். இங்கே பொருளைத் துறந்தவர் குயவர். அவர் பெயரைக் காத்தது சங்கம். செய்பவர் பற்றறுத்தலும், பெற்றவர் அவரை மறவாமையும் ஒருங்கே நிகழும்போதுதான் அறம் நிறைவுறும் என்பதை இச்சூத்திரத்தால் உணரலாம்.

7. இன்றைய சௌரா

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை நிக்கோபார் முழுவதையும் தாக்கியது. சௌராவின் மக்கள் தெரெசா தீவுக்குப் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர்த் தம் தீவுக்கு மீண்டனர். எம்மண்ணை நாடித் தலைமுறை தலைமுறையாகத் தோணியேறிச் சென்றார்களோ, அம்மண்ணே அவர்களுக்கு அடைக்கலமும் தந்தது. இதற்கு நெடுநாள் முன்னரே உலோகப் பாத்திரம் அங்கும் புகுந்து, அன்றாட அடுப்பில் மட்கலத்தின் இடத்தைப் பெரிதும் கவர்ந்துவிட்டது.

கைத்தொழில் ஒன்று நூலில் எழுதப்பட்டமையால் மட்டும் வாழ்ந்துவிடாது. மேனின் ஆய்வுரையை எழுத்தெண்ணிப் படித்தாலும் ஈரமட்டையை எத்துணை அழுத்தினால் கோடு கருக்கும் என்பது நம் விரலுக்கு வாராது. அது தாயின் கையிலிருந்து மகளின் கைக்கே செல்லும். மாஷிகோ வாழ்ந்தமைக்குக் காரணம், ஹமாடாவின் புகழைக் கேட்டு இளையோர் அங்கு வந்து கைபழகியதேயாகும். சௌராவுக்கு வெளியாரை அழைத்தல் தீர்வாகாது. அதன் தனிமையைச் சட்டம் காப்பது நன்றே. வெளியில் உள்ள நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. எழுதுமிடத்தும் காட்சிக்கு வைக்குமிடத்தும், வனைந்தவர் ஒப்பினால் அவர் பெயரைக் கேட்டெழுதுக. அவர் தம் தீவின் பெயரே போதும் என்பாராயின் அதனை மட்டும் எழுதுக. கேட்காமல் விடுவது மட்டும் இனி வேண்டா.

இவ்வொழுக்கத்தை நாம் நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். விகாரையின் கல்லில் நன்கொடையாளர் பெயர் பொறிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அச்சுவரை எழுப்பிய கொத்தனார் பெயரும் சித்தாள் பெயரும் சங்கத்தின் பதிவேட்டிலேனும் இடம்பெறுமாயின், கடீகாரரைப் பாடும் தகுதி நமக்கு உண்டாகும்.

தொகுப்புரை

ஹமாடா தம் பெயரைக் கலத்திலிருந்து விலக்கினார். அது பயிற்சியின் கனி. கொரியக் குயவன் பெயரை உலகம் கேட்கவில்லை. அது உலகின் மறதி. சௌரா மகளிர் தீவின் பெயரைத் தம் பெயராகக் கொண்டனர். அது கூட்டுவாழ்வின் பெருமை. மூன்றையும் ஒரே சொல்லால் 'பெயரின்மை' என வழங்குவோமாயின் நம் அறிவு மழுங்கும். பிரித்தறிந்து வழங்குதலே நற்காட்சி.

வகுப்பில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. ஒரு தொழிலை ஒரு கூட்டத்தார்க்கே உரித்தாக்கும் விதி சௌராவில் மதிப்பையும் நம் நாட்டில் இழிவையும் விளைத்தமைக்குக் காரணம் யாது?

2. ஹமாடாவின் கலத்தில் பெயரின்மையும் பெட்டியில் கையொப்பமும் ஒருங்கே இருந்தன. இது பற்றறுத்தலுக்கு மாறானதா? இரு பக்கமும் எடுத்துரைக்க.

3. கடீகாரர் அரசன் அனுப்பிய அரிசியை மறுத்தார். சூத்திரம் அவர் பெயரை மறவாது காத்தது. இவ்விரண்டையும் இணைத்து, துறவுக்கும் பறிப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

4. உங்கள் ஊரில் ஏரி, கிணறு, பள்ளி, விகாரை ஆகியவற்றைக் கையால் எழுப்பியவர்கள் யாவர்? முதியோரை வினவி அவர்தம் பெயர்களை எழுதிக் கொணர்க.